செக்குக்கும் தறிக்கும் போட்ட வரி

கிராமத்து வரின்னா நம்ம ஞாபகத்துக்கு வர்றது நிலவரியும் கிஸ்தியும்தான். ஆனா செக்கு ஆட்டினவங்க, தறி நெஞ்சவங்க, பானை வனைஞ்சவங்க இவங்களும் காலங்காலமா வரி கட்டியிருக்காங்க. அந்தக் கதை அதிகம் பேசப்படறதில்லை.

பல்லவர் செப்பேடுகளிலும் சோழர் கல்வெட்டுகளிலும் அந்த வரிகளோட பேர்கள் இருக்கு. தறிக்குத் தறியிறை, செக்குக்குச் செக்கிறை, தட்டாருக்குத் தட்டாரப்பாட்டம், குயவருக்குக் குசக்காணம். முதலாம் குலோத்துங்கனுக்கு 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பட்டம். சுங்கத்தை நீக்கியதே ஒரு ராஜாவுக்குப் பட்டமாகிற அளவுக்கு அது ஜனங்களை அழுத்தியிருக்கணும்.

விஜயநகர ஆட்சியில் நிலைமை முற்றிப்போச்சு. 1429-ல் வலங்கை, இடங்கைப் பிரிவினர் ஒண்ணு சேர்ந்து, நியாயமில்லாத வரியைக் கொடுக்கமாட்டோம் என்று முடிவெடுத்தார்கள். விருத்தாசலம் கோயில் கல்வெட்டு இன்னிக்கும் அதுக்குச் சாட்சி. மத்த நாள்ல எதிரும் புதிருமா நின்ன ரெண்டு பிரிவையும் ஒரே பக்கம் நிக்க வச்சது வரி. தாங்க முடியாம ஊரை விட்டுப் போனவங்களை, வரியைக் குறைத்துத் திரும்பக் கூப்பிட்ட செய்திகளும் அந்தக் காலக் கல்வெட்டுகளில் உண்டு.

கம்பெனி ஆட்சியில் இதுக்குப் பேர் மொகதர்பா. நெசவாளி, தச்சன், கொல்லன், தெருவோரம் கூடை வச்சு விக்கிறவங்க வரைக்கும் யாரையும் விடலை. சிலருக்குக் கையில் இருந்த கருவி மேலேயே வரி. 1852-ல் கஜுலு லட்சுமிநரசு செட்டி தொடங்கிய சென்னை சுதேசி சங்கம், லண்டன் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மனுவில் இதையும் ஒரு குறையாகச் சொன்னது.

இதுல பாரம் எங்கே இருக்குன்னு விவசாயிக்குச் சட்டுனு புரியும். தறி ஓடினாலும் ஓடாட்டியும் வரி உண்டு. வெள்ளாமை பொய்த்த வருஷமும் கிஸ்தி கட்டின மாதிரிதான். 1860-ல் வருமான வரி வந்தப்போ, வருஷத்துக்கு 200 ரூபாய்க்குக் கீழே சம்பாதிச்சவங்களுக்கு விலக்கு கொடுத்தாங்க. கருவியைப் பார்க்காம வருமானத்தைப் பார்த்தது பெரிய மாற்றம்.

இப்போ ஜிஎஸ்டி காலம். சரக்கு விக்கிறவங்களுக்கு வருஷ விற்பனை 40 லட்சம் தாண்டினாத்தான் பதிவு. ஆனா பெங்களூர்ல இருக்கற உங்களுக்கு இங்கிருந்து நாலு டின் நல்லெண்ணெயை விக்கணும்னா, அது வேற மாநிலம். விற்பனை எவ்வளவு சின்னதா இருந்தாலும் செக்குக்காரர் பதிவு செய்யணும். பதிவு செஞ்சுட்டா, யாவாரமே நடக்காத காலத்துக்கும் கணக்கு தாக்கல் பண்ணணும். தவறினா நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம். கணக்கு எழுதறவருக்குக் கூலி தனி.

பெரிய ஆலைக்கு அந்தக் கூலி ஒரு பொருட்டே இல்லை. ஒத்தைச் செக்கு வச்சிருக்கறவருக்கு அது ஒவ்வொரு லிட்டர் மேலயும் ஏறும். செக்கு நின்னாலும் செலவு நிக்காது. பழைய செக்கிறையோட குணம் இதுல கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருக்கு. செக்கெண்ணெய் ஏன் இவ்வளவு விலைன்னு கேக்கறவங்க, எள்ளு விலையோட இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.