முகத்துக்குப் பக்கத்தில் வந்த கேமரா

"புளியங்குடி சுத்து வட்டாரம் பூரா கல்யாண வீடியோ எடுத்தவன் நீதான்ல, கேமராவைப் பத்தி எழுது" என்று மலர்க் குழு நண்பர்கள் சொல்லிவிட்டார்கள். தட்ட முடியவில்லை.

முதல் தமிழ்ப் பேசும்படம் என்று சொல்லப்படும் 'காளிதாஸ்' 1931-ல் வந்தது. அதையடுத்து வந்த படங்களில் பெரும்பாலானவை மேடை நாடகங்களைத் தழுவியவையே. கேமராவும் முன்வரிசையில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர் மாதிரி இருந்த இடத்திலேயே இருந்து பார்க்கும். ஆள் தலை முதல் கால் வரை தெரிவார். கண் கலங்கியது தெரியாது. இதுதான் லாங் ஷாட்.

1935-ல் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்க இளைஞர் இந்தியா வந்தார். கலிஃபோர்னியாவில் சினிமா படித்தவர். உடன் படித்த மாணிக்லால் டாண்டன் அழைத்து வந்தது. 1936-ல் 'சதி லீலாவதி'யை இயக்கினார். எம்.ஜி.ஆருக்கு அதுதான் முதல் படம். டங்கனுக்குத் தமிழ் தெரியாது! வசனம் புரியாதவர் எதைப் பார்ப்பார்? முகத்தைத்தான் பார்ப்பார் என்பது என் எண்ணம். கேமராவை நகர்த்தினார், இடுப்பளவு தெரியும் மிட் ஷாட்டுக்கும், முகம் மட்டும் நிறையும் க்ளோசப்புக்கும் கொண்டுபோனார்.

1945-ல் வெளிவந்த 'மீரா'வுக்காக, எம்.எஸ். சுப்புலட்சுமியின் முகத்தை அச்சு எடுத்தாற்போல ஒரு மார்பளவுச் சிலை செய்து, டங்கனும் ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியும் வெளிச்சத்தையும் கோணத்தையும் மாற்றி மாற்றிப் படம் பிடித்துப் பார்த்தார்களாம். ஒரு முகத்துக்கு அவ்வளவு மரியாதை! கீழிருந்து எடுத்தால் ஆள் ஓங்கித் தெரிவார், மேலிருந்து எடுத்தால் ஒடுங்கித் தெரிவார். கோணம் என்பது ஒருவரை நாம் எப்படி மதிக்கிறோம் என்பதே. 1950-ல் 'மந்திரி குமாரி'யோடு தமிழ்ப் படங்களை முடித்துக்கொண்டு டங்கன் ஊர் திரும்பினார்.

இந்தக் கதையெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். 1988-ல் எங்கள் ஊர்க் கல்யாணம் ஒன்றை எடுத்தேன். தோளில் வி.எச்.எஸ். கேமரா. எல்லாரும் தெரியணும் என்று முழுக்க லாங் ஷாட்டாகவே எடுத்துத் தள்ளினேன். மூணு வருஷம் கழித்து அந்தப் பெண் கேசட்டோடு வந்தாள். "அண்ணாச்சி, அப்பா தவறிட்டாங்க. தாரை வார்க்கையில அவங்க மொகம் தெரியுத மாதிரி எங்கயாச்சும் இருக்கா?"

டேப்பை முன்னும் பின்னும் ஓட்டினோம். கூட்டத்தின் ஓரத்தில் மிளகளவு முகம். நிறுத்தினால் கோடு கோடாக நடுங்கியது. "இதான் எங்க அப்பா" என்று திரையில் விரல் வைத்துக் காட்டினாள். நான் ஒன்றும் பேசவில்லை. இரண்டு எட்டு முன்னால் போயிருந்தால் போதும், போகவில்லை.

அதன்பின் எந்தக் கல்யாணத்திலும் தாரை வார்க்கும்போது பெற்றவர்கள் முகத்தை விட்டதில்லை.

தம்பிமார்களே, தங்கைமார்களே, இன்று உங்கள் சட்டைப் பையிலேயே கேமரா இருக்கிறது. இந்தச் சந்திப்பில் குரூப் படம் எடுத்து முடித்ததும் கலைந்து போய்விடாதீர்கள். முன்வரிசை நாற்காலியில் இருக்கும் நம் வயசான ஆசிரியர்களிடம் போய், அவர்கள் கண் மட்டத்துக்குக் குனிந்து, ஒவ்வொருவர் முகத்தையும் எடுத்து வையுங்கள். பிறகு ஒருநாள் யாராவது கேட்டு வருவார்கள்.