உடைந்த பல்: உடனடிக் கவனிப்பும் சிகிச்சையும்

குற்றாலத்தின் சாரல் காலத்தில் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் ஆகிய இடங்களில் பாறைகள் ஈரமாகவும் பாசி படிந்தும் இருக்கும். அங்கு வழுக்கி விழும்போது முன்பற்கள் உடையவோ, வேரோடு பெயர்ந்து விழவோ கூடும். அடுத்த ஒரு மணி நேரத்தில் செய்யப்படும் கவனிப்பே பெரும்பாலும் பல்லைக் காப்பாற்றும்.

முதலில் கவனிக்க வேண்டியவை

மயக்கம், தொடர் வாந்தி, காதிலிருந்து இரத்தக் கசிவு, மூச்சுத் திணறல், வாயைத் திறக்க இயலாமை, மேல்வரிசைப் பல்லும் கீழ்வரிசைப் பல்லும் பொருந்தாமை ஆகியவற்றில் ஏதேனும் இருப்பின் உடனே 108 அவசர ஊர்தியை அழைக்கவும். இந்நிலையில் பல் இரண்டாவதே.

பல்லின் ஒரு பகுதி உடைந்தால்

வாயைத் தூய நீரால் கொப்பளிக்கவும். இரத்தம் வந்தால் சுத்தமான துணியை 10 நிமிடம் அழுத்திப் பிடிக்கவும். உடைந்த துண்டைத் தேடி எடுத்துப் பாலிலோ நீரிலோ இட்டுக் கொண்டு வரவும். பல நேரங்களில் அதையே மீண்டும் ஒட்ட இயலும். துண்டு கிடைக்காவிடில் மருத்துவரிடம் கூறவும். அது உதட்டுக் காயத்தினுள் புதைந்திருக்கலாம், மூச்சுக்குழாய்க்குள்ளும் சென்றிருக்கலாம்.

பல் வேரோடு விழுந்தால்

• பல்லின் வெண்மையான மேற்பகுதியை மட்டும் பிடிக்கவும். வேரைத் தொடவோ தேய்க்கவோ கூடாது.
• மண் ஒட்டியிருந்தால் பாலிலோ ஓடும் குளிர்ந்த நீரிலோ சில விநாடிகள் மட்டும் அலசவும்.
• நிலைப்பல்லாயின் அதே குழியில் மெல்லப் பொருத்தி, துணியைக் கடித்துக்கொள்ளச் செய்யவும்.
• இயலாவிடில் பாலில் இடவும். தேநீர்க் கடையில் கிடைக்கும் ஆறிய பாலே போதும். சூடான பால் கூடாது.
• குழந்தையின் பால் பல்லை மீண்டும் பொருத்தக் கூடாது. அடியில் வளரும் நிலைப்பல் பாதிக்கப்படும்.

உலர்ந்த கைக்குட்டையில் சுற்றி வைக்கப்பட்ட பல்லின் வேரிலுள்ள உயிரணுக்கள் ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்குள் இறந்துவிடும்.

சிகிச்சை முறைகள்

எனாமல் மட்டும் உடைந்திருந்தால் கூர்முனை மழுங்கச் செய்யப்படும் அல்லது பல்லின் நிறமுடைய பொருளால் நிரப்பப்படும். உட்புறப் பற்கூழ் வெளிப்பட்டு இரத்தம் கசிந்தால், இளம் வயதினருக்குப் பற்கூழைக் காக்கும் சிகிச்சையும், பெரியவர்களுக்குத் தேவையெனில் வேர் சிகிச்சையும் செய்யப்படும். மீண்டும் பொருத்திய பல் அருகிலுள்ள பற்களுடன் பொதுவாக 2 வாரங்கள் இணைத்துக் கட்டப்படும். தேவைக்கேற்ப இரணஜன்னித் தடுப்பூசி போடப்படும்.

தவிர்க்க வேண்டியவை

வலிக்காக ஆஸ்பிரின் மாத்திரையையோ கிராம்பு எண்ணெயையோ ஈற்றில் வைக்க வேண்டாம், திசு புண்ணாகும். கன்னத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் வீக்கம் கூடும். குளிர்ந்த ஒத்தடமே ஏற்றது.

எங்கு செல்வது?

குற்றாலத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள தென்காசி அரசு தலைமை மருத்துவமனையை அணுகலாம். இரவாயினும் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லவும். ஆலோசனைக்கு 104 எண்ணை அழைக்கலாம்.

வலி நின்றுவிட்டது என்பதால் சிகிச்சையை நிறுத்த வேண்டாம். அடிபட்ட பல் சில மாதங்களுக்குப் பின்னரும் கருத்துச் சீழ் பிடிக்கக்கூடும். சுற்றுலா வந்தவர்கள் ஊர் திரும்பியதும் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் மறுபரிசோதனை செய்துகொள்ளவும்.