நிரற் பரவல் புள்ளிவிபரம்

ஒரு நிரலில் எந்தப் பெறுமானம் எவ்வளவு வருகிறது என்று தொடர்புசால் தரவுத்தளம் முன்கூட்டியே எடுத்து வைக்கும் சுருக்கக் குறிப்பு. வினவலுக்கு எத்தனை நிரைகள் தேறும் என்பதை இதைக் கொண்டே அது மதிப்பிடுகிறது. சுட்டி வழியே போவதா, அட்டவணையை முழுக்கப் படிப்பதா என்ற முடிவு அந்த மதிப்பீட்டில் தங்கியிருக்கிறது. இக்குறிப்பில் சராசரியைத் தேடுபவர் ஏமாறுவார். துருத்தி நிற்கும் பெறுமானத்தையே முதலில் பார்க்க வேண்டும். ஐபிஎம்மின் சிஸ்டம் ஆர் தரவுத்தளம் பற்றி பட்ரீசியா செலிங்கரும் சகாக்களும் 1979இல் வெளியிட்ட ஆய்வுரை, பெறுமானங்கள் சமமாகப் பரவியிருப்பதாகவே கொண்டது. அம்பாறை மாவட்ட மரணங்களுக்குப் பத்தாண்டு அட்டவணை ஒன்று, 35,000 நிரைகளுடன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சமபரவற் கணக்கில் ஒரு திகதிக்குப் பத்து மரணம்கூட வராது. பெரியநீலாவணை தொடக்கம் பொத்துவில் வரை கரையைச் சுனாமி அடித்த 2004 டிசெம்பர் 26க்கு மட்டும் 10,000க்கு மேல்.

1984இல் பியாடெட்ஸ்கி-ஷப்பிரோவும் கொனலும் முன்வைத்த சமஉயர வரைபடம் இந்த இடத்தில்தான் உதவியது. ஒவ்வொரு கூறிலும் ஏறத்தாழ ஒரேயளவு நிரைகள். எல்லைகள் நெருங்கினால் அங்கே நெரிசல், விலகினால் வெறுமை. நமது அட்டவணையைப் பத்துக் கூறாக்கினால் அந்த ஒரு நாளே கிட்டத்தட்ட மூன்றை அடைத்துக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் இத்தகைய பெறுமானங்களைத் தனிப் பட்டியலில் வைத்து, மிச்சத்துக்கே வரைபடம் போடுகிறது. எவ்வளவு பெரிய அட்டவணையானாலும் அது இயல்பாக எடுப்பது 30,000 நிரை மாதிரிதான். இது போதுமா என்று கேட்பது நியாயம். பெரிய பெறுமானம் மாதிரிக்குத் தப்பாது. வேறுபட்ட பெறுமானங்கள் எத்தனை என்ற எண்ணிக்கைதான் பிசகும், அதை நம்பி உட்காரக்கூடாது. மதிப்பீடு பிழைத்தால் விடை தாமதிக்குமே தவிரப் பிழைக்காது என்பாரும் உளர். உண்மைதான், ஆனால் வினவலில் அட்டவணை இணைப்புகள் கூடக்கூட அப்பிழை அடுக்கேற்றமாகப் பெருகும் என்பதை 1991இல் அயோனிடிஸும் கிறிஸ்டோடூலாகிஸும் காட்டினர்.

வரைபடத்தை எவ்வளவு நுணுக்கினாலும் தீராத குறை ஒன்றுண்டு. அதே திகதியையும் மகாஓயாப் பிரிவையும் சேர்த்துக் கேட்டால், இரு நிரல்களும் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டு தரவுத்தளம் பங்குகளைப் பெருக்கிவிடும். மாவட்டத்தில் 20 பிரதேச செயலகப் பிரிவுகள். சமபங்கு வைத்தால் 500 மரணம். மகாஓயாவோ கடல் எட்டாத உள்நாடு. இந்தச் சார்பைப் பதியும் வசதி போஸ்ட்கிரெஸுக்கு 2017இல், 10ஆம் பதிப்பில் வந்தது; 2019இல், 12ஆம் பதிப்பில், சேர்ந்து வரும் பெறுமானங்களின் பட்டியலும் கிடைத்தது. இரண்டையும் அது தானாக எடுப்பதில்லை. எந்த நிரல்கள் என்று நாம்தான் சொல்லவேண்டும்.