காணாமற்போன இரண்டு தீவுகள்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வாசகர்களுக்குச் சரணாலயம் என்றதும் மேற்கே நிற்கும் மலைதான் நினைவுக்கு வரும். 1988-இல் அங்கே சாம்பல் நிற அணிலுக்கென ஒரு சரணாலயம் அமைந்தது. 2021-இல் அக்காடு ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தில் அடங்கியது. அம்மலைச் சரிவில் பெய்யும் மழைநீர் எங்கே போகிறது, தெரியுமா? ஓடைகளாகக் கூடி, வைப்பாற்றில் கலந்து, சாத்தூரைக் கடந்து மன்னார் வளைகுடாவை அடைகிறது. அங்கேயும் ஒரு காப்பகம் இருக்கிறது. அதன் கதையைக் கேளுங்கள்.

தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே, கரையையொட்டி 21 சிறு தீவுகள் வரிசையாக இருந்தன. அவற்றைச் சுற்றிலும் பவளப்பாறைகள். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 1880-களிலேயே இக்கடலின் உயிரினங்களை ஆராய்ந்து எழுதினார். குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றி அதே அருங்காட்சியகம் 1927-இல் ஒரு தொகுப்பு வெளியிட்டது. முதுகெலும்புள்ள விலங்குகளுக்கு நெருங்கிய உறவான பாலனோகிளாசஸ் என்னும் புழு போன்ற உயிரைக் காண, விலங்கியல் மாணவர்கள் பலர் அத்தீவுக்குப் படகேறினார்கள்.

தீவுகளுக்கு வேறு படகுகளும் சென்றன. சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கல்லுக்காகவும் பவளப்பாறைகள் பல ஆண்டுகள் வெட்டி எடுக்கப்பட்டன. பாறையாக வளரும் பவளம் பொதுவாக ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளரும். முப்பது சென்டிமீட்டர் கனமுள்ள கல் உருவாக முப்பது ஆண்டுகள் ஆகலாம். கடப்பாறைக்கோ சில நிமிடங்கள் போதும்!

பாறை போனால் தீவுக்கு என்ன ஆகும்? இங்கே கொஞ்சம் பௌதிகம் தேவை. அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். பாறையில் மோதி அலையின் உயரம் பாதியானால், ஆற்றல் கால் பங்காகக் குறைந்துவிடும். பாறையை எடுத்துவிட்டால் முழு ஆற்றலும் தீவின் மணலைத் தாக்கும். மணல் சிறிது சிறிதாகக் கரையும்.

அதுதான் நடந்தது. கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டியும், தூத்துக்குடிப் பக்கம் விலாங்குசல்லியும் நீருக்குள் மறைந்தன. பவளம் வெட்டியதே இதற்கு முக்கியக் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். கடல்மட்ட உயர்வும் துணைநின்றது. ஆகவே 21 தீவுகள் என்று ஏட்டில் படித்தாலும், கடலில் எண்ணினால் 19-தான்.

இத்தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து, 560 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழக அரசு 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 2001-இல் பவளங்கள் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றன. புலிக்கு உரிய பாதுகாப்பு அன்றுமுதல் பவளத்துக்கும் உரியதாயிற்று. தேய்ந்துவந்த வான் தீவின் அருகே, அலையைத் தடுக்க 2015 முதல் கான்கிரீட் அமைப்புகள் கடலடியில் இறக்கப்பட்டன. பவளம் இலவசமாகச் செய்துவந்த வேலையைச் செய்ய நாம் பணம் செலவழிக்க நேர்ந்தது.

வனத்துறையின் அனுமதியின்றி இத்தீவுகளில் கால்வைக்கக் கூடாது. அனுமதி பெற்றுச் செல்லும் வாய்ப்புக் கிடைத்தால், நினைவுக்காக ஒரு பவளத் துண்டையும் எடுத்துவராதீர்கள். மீதமுள்ள தீவுகளுக்கு அதுதான் மதில்.