திறவுகோலும் அதிகார எல்லையும்: 2023 ஆம் ஆண்டின் மின்னஞ்சல் ஊடுருவல்

அரசுகளின் இரகசியக் கடிதங்கள் பிறர் கைப்படுதல் வரலாற்றுக்குப் புதிதன்று. எனினும், 2023 இல் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் மின்னஞ்சற் சேவையில் நிகழ்ந்த ஊடுருவல் பூட்டு உடைந்தமையால் நேர்ந்ததன்று. ஒரு திறவுகோலின் அதிகார எல்லை பேணப்படாமையால் நேர்ந்ததாகும்.

பல நிறுவனங்களின் அஞ்சல்களை ஒரே நிறுவனத்தின் கணினிகள் பேணும் முறையே 'முகிற்' சேவை எனப்படும். அஞ்சற்பெட்டியைத் திறக்க வருபவருக்கு அச்சேவை இலத்திரனியல் அனுமதிச்சீட்டொன்றை வழங்குகின்றது. இரகசியத் திறவுகோலால் இடப்பட்ட ஒப்பமே சீட்டின் உண்மைக்குச் சான்றாகும். தனியாட்களின் கணக்குகளுக்கு ஒருவகைத் திறவுகோலும் நிறுவனங்களின் கணக்குகளுக்கு வேறொரு வகையும் உரியன.

தனியாட்களுக்கென 2016 இல் ஆக்கப்பட்ட திறவுகோலொன்று, 2021 இல் விலக்கப்பட வேண்டியிருந்தும் விலக்கப்படவில்லை. திறவுகோல் மாற்றத்தின்போது சேவை பெருமளவில் தடைப்பட்டதையடுத்து, அவற்றை மாற்றும் வழக்கமே அங்குக் கைவிடப்பட்டிருந்தது. மேலும், 2018 முதல் இருவகைத் திறவுகோல்களின் விபரங்களும் ஓரிடத்திலேயே வெளியிடப்பட்டன. 2022 இல் அவ்விடத்தைப் பயன்படுத்தத் தொடங்கிய மின்னஞ்சற் பிரிவினர், எத்திறவுகோல் எக்கணக்குக்குரியதென்பதை அடிப்படை மென்பொருளே சோதிக்குமெனக் கருதினர். அது சோதிக்கவில்லை. இதனால், தனியாட்களுக்குரிய திறவுகோலால் ஒப்பமிட்ட போலிச் சீட்டு, அரச அலுவலகங்களின் அஞ்சற்பெட்டிகளையும் திறக்கவல்லதாயிற்று.

சீனாவைச் சார்ந்ததென மதிப்பிடப்பட்ட 'ஸ்ரோம்-0558' என்னுங் குழு, 2023 மே மாதத்தில் இவ்வழியைப் பயன்படுத்தியது. 22 நிறுவனங்களும் 500 இற்கு மேற்பட்டோரும் பாதிக்கப்பட்டனர். ஐக்கிய அமெரிக்காவின் இராசாங்கத் திணைக்களத்திலிருந்து மட்டும் ஏறத்தாழ 60,000 அஞ்சல்கள் களவாடப்பட்டன.

யூன் மாதத்தில் இதனை முதலிற் கண்டறிந்தது காவலாளராகிய மைக்ரோசொப்ட் அன்று. அத்திணைக்களமே என்பது நோக்கற்பாலது. மேலதிகக் கட்டணஞ் செலுத்திப் பெற்ற பதிவேடே அதற்குத் துணைபுரிந்தது. அக்கட்டணஞ் செலுத்தாதோர்க்கு அச்சான்று கிட்டியிராது. யூலையிலேயே அப்பதிவேடுகளைக் கட்டணமின்றிப் பலருக்கும் வழங்க அந்நிறுவனம் உடன்பட்டது. இவ்வூடுருவல் தடுத்திருக்கக்கூடியது என்று, 2024 ஏப்ரலில் வெளியான ஐக்கிய அமெரிக்க இணையப் பாதுகாப்பு மீளாய்வுச் சபையின் அறிக்கை முடிவுகூறியது. திறவுகோல் களவுபோன விதத்தை அந்நிறுவனம் அதுவரை அறிந்திருக்கவில்லை என்பதையும் அவ்வறிக்கை பதிவுசெய்தது.

பணி முடிந்த பின்னும் மீளப்பெறப்படாத அதிகாரமும், எல்லை சோதிக்கப்படாத அதிகாரமும் ஒருங்கு சேர்ந்தமையே இந்நிகழ்வின் காரணமாகும். பலரது இரகசியங்கள் ஒரு காவலரிடம் குவியுங் காலத்தில், காவலைக் கண்காணிக்குஞ் சான்றைப் பெறுதல் விலைகொடுத்தோரின் சலுகையாகாது. அனைவரதும் உரிமையாதல் வேண்டும்.