இருளில் ஒளிரும் பந்துருட்டல்: ஒரு வரலாறு

பந்துருட்டல் என்பது, வழுவழுப்பான நீண்ட தளத்தின் மறுமுனையில் முக்கோண வடிவில் நிறுத்தப்பட்ட பத்து முளைகளைக் கனமான பந்தை உருட்டி வீழ்த்தும் விளையாட்டு. பேச்சு வழக்கில் இதைப் பௌலிங் என்கிறோம். கிரிக்கெட் பந்துவீச்சுக்கும் அதே பெயர் வழங்கினாலும் இரண்டும் வேறு. அரங்கின் விளக்குகளைத் தணித்து, புற ஊதா விளக்குகளையும் மின்னி மறையும் வண்ண விளக்குகளையும் எரியவிட்டு, உரத்த இசையோடு ஆடப்படும் வகைக்கு 'காஸ்மிக் பௌலிங்', 'குளோ பௌலிங்' ஆகிய பெயர்கள் உண்டு. நம் பெருநகரங்களின் வணிக வளாகங்களில் பலரும் முதன்முதலில் காண்பது இந்த வகையைத்தான். ஆட வருவோர் குறைந்த காலத்தில் அரங்குகளைக் காப்பாற்றவே இருளும் இசையும் உள்ளே வந்தன. அந்த வரலாற்றையும் அதன் விளைவுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஆட்ட முறை

பந்து உருட்டும் கோட்டிலிருந்து முதல் முளை வரை தளத்தின் நீளம் 60 அடி. முளையின் உயரம் 15 அங்குலம். பந்தின் எடை 16 பவுண்டுக்கு, அதாவது சுமார் 7.26 கிலோவுக்கு, மிகக் கூடாது. ஓர் ஆட்டத்தில் பத்துக் கட்டங்கள் உண்டு. ஒரு கட்டத்தின் முதல் உருட்டலிலேயே பத்து முளைகளும் விழுந்தால் அது 'ஸ்டிரைக்'. தொடர்ந்து 12 ஸ்டிரைக் எடுத்தால் முழு மதிப்பெண்ணான 300 கிடைக்கும். நம் ஊர்ச் சிறுவர்கள் அடுக்கிய கற்களைப் பந்தால் அடித்துக் கலைக்கும் விளையாட்டை ஆடியவர்களுக்கு இதன் சுவை எளிதில் விளங்கும்.

தோற்றமும் டச்சுக்காரரும்

எகிப்தின் நகாடா என்ற இடத்தில், 1890களில் அகழாய்வு செய்த பிளிண்டர்ஸ் பெட்ரி, ஒரு குழந்தையின் கல்லறையில் சிறு கல் முளைகளையும் பந்துகளையும் கண்டெடுத்தார். அவை 5,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை எனக் கணிக்கப்படுகின்றன. ஐரோப்பாவில் ஒன்பது முளைகளை வைத்து ஆடும் வழக்கம் பரவியிருந்தது. அதை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றவர்களில் டச்சுக்காரர்களும் அடங்குவர். 1658-இல் போர்த்துகீசியரிடமிருந்து தூத்துக்குடியைக் கைப்பற்றி, முத்துக்குளிப்பைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருந்ததும் இதே டச்சுக்காரர்கள்தான். வாஷிங்டன் இர்விங் 1819-இல் வெளியிட்ட 'ரிப் வான் விங்கிள்' கதையில், மலைக்குள் டச்சு ஆவிகள் முளையாட்டம் ஆடும் ஓசை இடிமுழக்கமாகக் கேட்கிறது. ஆக, பேரொலி இவ்விளையாட்டுக்குப் புதிதன்று.

சூதாட்டம் பெருகியதால், 1841-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் ஒன்பது முளை ஆட்டத்தைத் தடை செய்தது. தடையைத் தாண்டவே பத்தாவது முளை சேர்க்கப்பட்டது என்ற கதை பரவலாக உள்ளது. ஆயினும் பத்து முளை ஆட்டம் அதற்கு முன்பே இருந்ததற்குச் சான்றுகள் உள்ளன. 1895 செப்டம்பர் 9 அன்று நியூயார்க்கில் தொடங்கப்பட்ட அமெரிக்க பௌலிங் காங்கிரஸ் பொது விதிகளை வகுத்தது.

முளை நிறுத்திய சிறுவர்கள்

எந்திரம் வருமுன் விழுந்த முளைகளை எடுத்து நிறுத்தவும், பந்தைத் திருப்பி அனுப்பவும் சிறுவர்கள் அமர்த்தப்பட்டனர். தளத்தின் கோடியில் உள்ள குழியில், பாய்ந்து வரும் பந்துக்கும் தெறிக்கும் முளைகளுக்கும் நடுவே அவர்கள் வேலை செய்தனர். குழந்தைத் தொழிலாளர் நிலையை உலகறியச் செய்த ஒளிப்படக் கலைஞர் லூயிஸ் ஹைன், 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் இச்சிறுவர்களையும் படமெடுத்தார். நள்ளிரவு வரை வேலை செய்த சிறுவர்களும் அப்படங்களில் உள்ளனர். பிற்காலத்தில் கேளிக்கைக்காக வரவழைக்கப்பட்ட மங்கிய ஒளி, அவர்களுக்கு அன்றாட வேலையிடமாக இருந்தது.

முளைகளைத் தானே நிறுத்தும் எந்திரத்தைக் காட்ஃபிரீட் ஷ்மித் உருவாக்கினார். 1946-இல் பஃபலோ நகரில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட அது, 1950களின் தொடக்கத்தில் ஏ.எம்.எஃப். நிறுவனத்தின் வழியாக அரங்குகளுக்கு வந்தது. சிறுவர்கள் குழியை விட்டு வெளியேறினர். அரங்குகளும் வேகமாகப் பெருகின.

இருள் வந்த காரணம்

பெருகிய அரங்குகளைத் தாங்கியவை அணிப் போட்டிகள். ஆலைத் தொழிலாளர்களும் அலுவலக ஊழியர்களும் அணி சேர்ந்து வாரந்தோறும் ஆடினர். 1980-க்கும் 1993-க்கும் இடையே அமெரிக்காவில் பந்துருட்டுவோர் எண்ணிக்கை 10 விழுக்காடு கூடியது. அணியாக ஆடுவோரோ 40 விழுக்காடு குறைந்தனர். அரசியல் அறிவியல் ஆய்வாளர் ராபர்ட் பட்னம் 1995-இல் இதைச் சுட்டிக்காட்டி, மக்கள் கூடி வாழும் பழக்கம் தளர்வதற்கு அடையாளமாகக் கொண்டார்.

வாராவாரம் வந்தவர்கள் வராததால், எப்போதாவது வருபவர்களை அரங்குகள் ஈர்க்க வேண்டியதாயிற்று. 1990களில் பிரன்சுவிக் நிறுவனம் 'காஸ்மிக் பௌலிங்' என்ற பெயரில் ஒளிரும் பந்துகளையும் முளைகளையும், புகையையும், இசையையும் சேர்த்து அளித்தது. ஆடத் தெரியாதவருக்கும் கூச்சம் தோன்றாததால் இளைஞர்களும் குடும்பங்களும் வந்தனர். ஓரக்கால்வாயில் பந்து விழுந்தாலும் இருளில் யாரும் கவனிப்பதில்லை அல்லவா?

ஒளிர்வும் முத்தும்

கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை ஏற்று, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வெளியிடும் பண்பை ஒளிர்வு என்கிறோம். ஆங்கிலத்தில் இதற்கு ஃபுளோரசன்ஸ் என்ற பெயரை 1852-இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் சூட்டினார். பந்துருட்டல் அரங்கில் வெள்ளைச் சட்டை நீலமாக ஒளிர்வதற்குச் சலவைத்தூளில் கலந்துள்ள வெண்மையூட்டும் பொருளே காரணம். பற்களும் ஒளிரும். முத்துக்கும் இப்பண்பு உண்டு. முத்துக்களை ஆய்வோர் புற ஊதா விளக்கின் கீழ் வைத்துப் பார்ப்பதும் இதனால்தான்.

இன்னொரு தொடர்பும் உண்டு. பந்துகளில் 'பேர்ல்', அதாவது முத்து, என்றே ஒரு வகை உள்ளது. அதன் மேலோட்டில் காக்காப்பொன் எனப்படும் மைக்காத் தூள் கலந்திருப்பதால் முத்தின் பளபளப்பு கிடைக்கிறது. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோனது. முத்தின் பெயரோ இப்படி எதிர்பாராத இடங்களில் வாழ்கிறது.

இந்தியாவில்

ஆசிய விளையாட்டுப் போட்டியில் பந்துருட்டல் 1978-இல் பாங்காக்கில் அறிமுகமானது. 1982-இல் டெல்லியில் நடந்த போட்டியில் அது இடம்பெறவில்லை. நாட்டில் அரங்குகள் பரவியது தாராளமயத்துக்குப் பிந்தைய வணிக வளாகங்களின் காலத்தில்தான். எனவே அமெரிக்காவில் நூறாண்டுக்குப் பின் வந்து சேர்ந்த ஒளியும் இசையும், இங்கே விளையாட்டோடு கூடவே வந்து இறங்கின. அணிப் போட்டிகள் வேரூன்றிய காலம் ஒன்று நமக்கு வாய்க்கவில்லை.

இந்த வேறுபாடு வீரர்களைப் பாதிக்கிறது. தேசிய வாகையர் பட்டத்தைப் பலமுறை வென்ற ஷபீர் தன்கோட் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். அவரைப் போன்றோர் பயில்வதும் போட்டியிடுவதும் கேளிக்கைக்காகக் கட்டப்பட்ட தனியார் அரங்குகளில்தான். தளத்தின் மேல் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருக்கும். அது எங்கே அடர்ந்துள்ளது, எங்கே தேய்ந்துள்ளது என்பதைப் பந்தின் போக்கைக் கூர்ந்து பார்த்தே வீரர் அறிய வேண்டும். அதற்கு நல்ல வெளிச்சமும் மனம் குவியும் சூழலும் தேவை. கேளிக்கை தரும் வருமானம் இல்லையேல் அரங்கே இல்லை. அந்தக் கேளிக்கையோ பயிற்சிக்குரிய நேரத்தையும் வெளிச்சத்தையும் எடுத்துக்கொள்கிறது.

உடல்நலம்

வலிப்பு நோயுள்ளவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ மூவருக்கு மின்னும் ஒளியால் வலிப்பு தூண்டப்படலாம். நொடிக்கு 3 முதல் 30 முறை மின்னும் ஒளி இதற்குப் பெரிதும் காரணமாகும். சிறுவர்களும் பதின்வயதினரும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கேளிக்கை அரங்குகளில் 15 நிமிடச் சராசரி ஒலி 100 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வரையறுத்தது. ஒலிபெருக்கியிலிருந்து விலகி அமர்வதும், இடையிடையே வெளியே வருவதும் செவிக்கு நல்லது.

முடிவுரை

குழியில் நின்ற சிறுவர்களை எந்திரம் விடுவித்தது. வெறிச்சோடிய அரங்குகளை விளக்கும் இசையும் நிரப்பின. இரண்டும் நன்மைகளே. அணியாகக் கூடி, ஆண்டுக்கணக்கில் பயின்று ஆடும் வழக்கத்தை மட்டும் அவற்றால் தர இயலவில்லை. தென்மாவட்ட நகரங்களில் இனி அமையும் அரங்குகள், வாரத்தில் சில மணி நேரமாவது இசையை நிறுத்தி, விளக்குகளை முழுதாக எரியவிட்டு, பள்ளி மாணவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் தளத்தைத் தரலாம். கேளிக்கையாக வந்து சேர்ந்த இந்த ஆட்டம் இங்கே விளையாட்டாக வளர அதுவே வழி.