ரப்பர் நிறத்தரம் (எஸ்.எம்.ஆர். எல்)

மலேசிய இயற்கை ரப்பரின் வெளிர்நிறத் தரம். புகையூட்டிய ஷீட்டுகளைக் கண்ணால் பார்த்துத் தரம் பிரித்த பழைய வழக்கத்துக்கு மாற்றாக, சோதனைக்கூட அளவுகளைக் கொண்ட எஸ்.எம்.ஆர். (தரப்படுத்தப்பட்ட மலேசிய ரப்பர்) திட்டம் 1965இல் வந்தது. 1925இல் நிறுவப்பட்டு, கோலாலம்பூரிலும் சுங்கை பூலோவிலும் இயங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்துக்கு இதில் பெரும் பங்குண்டு. மூல ரப்பரின் பழுப்பு தொகுதிக்குத் தொகுதி மாறினால், சாயத்தை எவ்வளவு கவனமாகக் கலந்தாலும் வெளிர்நிறப் பொருள்கள் ஒரே நிறத்தில் அமையா. எனவே, ரப்பர் பால் உறையுமுன் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் சேர்த்து, நொதிகளால் அது கறுப்பதைத் தடுக்கிறார்கள். சோதனைக்கு, 150 பாகை செல்சியஸில் 5 நிமிடம் அழுத்திய 1.6 மி.மீ. தடிமனுள்ள ரப்பர் வட்டை லோவிபாண்ட் அளவுகோலின் அம்பர்நிறக் கண்ணாடிகளோடு ஒப்பிடுவர். அளவு 6ஐத் தாண்டக் கூடாது. மாதிரிகளுக்கிடையே வேறுபாடு 2க்குள் இருக்க வேண்டும். நிற ஒருமைக்கு இந்த இரண்டாவது நிபந்தனையே உயிர்நாடி.